ஒரு ஆறு, பல நாடு: நதிநீர் ஒத்துழைப்பு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாட்டுக்குப் பொதுவான ஆறு, ஏரி, நிலத்தடி நீர் பத்தி பேச்சு எடுத்தாலே அதே சந்தேகங்க தான் சுத்தி சுத்தி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தொகுத்தது இது. கேள்விங்கள கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். அடிப்படையானது முதல்ல, சிக்கலானது போகப் போக.

ஆறு எங்க நாட்டுல தானே உற்பத்தி ஆகுது, அதுல பக்கத்து நாட்டுக்கு என்ன உரிமை?

இந்த வாதம் ரொம்பப் பழசு. 1895ல ரியோ கிராண்ட் ஆத்துத் தண்ணிய அமெரிக்கப் பக்கம் விவசாயத்துக்கு இழுத்துக்கிட்டதால மெக்சிகோ பக்கம் வறண்டு போச்சுன்னு புகார் வந்தப்போ, அமெரிக்க அட்டர்னி ஜெனரலா இருந்த ஜட்சன் ஹார்மன் இதையே தான் சொன்னாரு, எங்க எல்லைக்குள்ள ஓடற தண்ணிய நாங்க என்ன வேணா பண்ணலாம், சட்டப்படி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு. ஆனா அதே அமெரிக்கா 1906ல மெக்சிகோவுக்கு வருஷா வருஷம் தண்ணி தர ஒப்பந்தம் போட்டுச்சு. ஏன்னா கனடாவுல இருந்து இறங்கி வர்ற கொலம்பியா மாதிரி ஆறுங்கள்ல அமெரிக்கா தான் கடைமடை, அந்த வாதத்த இங்க பேசினா அங்க திருப்பி அடிக்கும்.

உலகத்துல 300க்கு மேல ஆத்துப் படுகைங்க ரெண்டு அல்லது அதுக்கு மேற்பட்ட நாடுங்கள்ல பரவி கிடக்கு, 153 நாடுங்க ஏதாவது ஒரு ஆறையோ ஏரியையோ நிலத்தடி நீரையோ பக்கத்து நாட்டோட பகிர்ந்துக்குது. ஐரோப்பாவுல டான்யூப் ஆத்துப் படுகை மட்டும் 19 நாட்டத் தொடுது. ஒரு ஆத்துல தலைமடையா இருக்கற நாடு இன்னொரு ஆத்துல கடைமடையா இருக்கும், அதனால எனக்கு மட்டும் உரிமைன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சா எல்லாருக்கும் தான் நஷ்டம்.

இதுக்குன்னு சர்வதேச சட்டம் ஏதாவது இருக்கா இல்ல எல்லாம் வாய்ப்பேச்சு தானா?

இருக்கு, முக்கியமா ரெண்டு. ஒண்ணு ஐநா பொதுச்சபை 1997ல ஏத்துக்கிட்ட நீர்வழி ஒப்பந்தம், அப்போ 103 நாடு ஆதரிச்சுது, சீனா, துருக்கி, புருண்டி மூணும் எதிர்த்துச்சு, இந்தியாவும் பாகிஸ்தானும் ஓட்டு போடாம ஒதுங்கிடுச்சு. அது நடைமுறைக்கு வர தேவையான 35வது நாடா வியட்நாம் சேர்ந்து 2014ல தான் அமலுக்கு வந்துச்சு, அதாவது 17 வருஷம். இன்னொண்ணு 1992ல ஹெல்சிங்கில போட்டது, முதல்ல ஐரோப்பா பக்கத்து நாடுங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு, 2016ல இருந்து எல்லா நாடும் சேரலாம்னு திறந்து விட்டாங்க, 2018ல சாட், செனகல் சேர்ந்துச்சு, 2025ல பங்களாதேஷ்.

ரெண்டுலயும் சாரம் ஒண்ணு தான்: நியாயமா பயன்படுத்து, பக்கத்து நாட்டுக்கு பெரிய பாதிப்பு வராம பாத்துக்கோ, பெரிசா ஏதாவது கட்டறதுக்கு முன்னாடியே தகவல் சொல்லு. யாருக்கு எத்தன டிஎம்சின்னு எந்தச் சட்டமும் சொல்லாது, அது அந்தந்த ஆத்துக்காரங்க உக்காந்து பேச வேண்டியது.

கையெழுத்தே போடாத நாட்ட இந்தச் சட்டம் என்ன பண்ணும்?

நேரடியா ஒண்ணும் பண்ணாது. ஆனா மேல சொன்ன மூணு கொள்கையும் கையெழுத்து போட்டாலும் போடாட்டியும் பொதுவான வழக்கச் சட்டம்னு, அதாவது நாடுங்க வழக்கமா பின்பற்றி பின்பற்றியே எல்லாரையும் கட்டுப்படுத்தற சட்டம்னு ஓரளவு நிலைச்சிடுச்சு. 1997ல ஹங்கேரி, ஸ்லோவாக்கியா டான்யூப் அணை வழக்குல சர்வதேச நீதிமன்றம் இந்த நியாயமான பங்குங்கற கொள்கைய எடுத்துப் பேசுச்சு. 2010ல அர்ஜென்டினா, உருகுவே நடுவுல காகிதக்கூழ் ஆலை வழக்கு, அதுல ஆத்த மாசுபடுத்தினதா நிரூபணம் ஆகல, ஆனா முன்கூட்டியே முறைப்படி தகவல் சொல்லாம அனுமதி குடுத்தது தப்புன்னு உருகுவேக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. பாதிப்பே நிரூபிக்க முடியாத இடத்துலயும் சொல்லாம செஞ்சது தனிக் குத்தமா நின்னுது பாருங்க, எனக்கு இந்த வழக்குல முக்கியமா படறது அது தான்.

அடுத்த உலகப்போர் தண்ணிக்காக தான் வரும்னு எல்லாரும் சொல்றாங்களே?

தண்ணிக்காகவே ரெண்டு நாடு முழுப் போருக்கு போனதுன்னு ஆய்வாளர்ங்க தேடித் தேடி காட்டறது கிட்டத்தட்ட 4500 வருஷத்துக்கு முன்னாடி மெசபடோமியால லகாஷ், உம்மான்னு ரெண்டு நகர அரசுங்க போட்ட சண்டைய தான். அதுக்கப்புறம் சண்டை நடந்த இடத்துல தண்ணியும் ஒரு காரணமா இருந்திருக்கு, அணையையும் கால்வாயையும் குண்டு போட்டிருக்காங்க, ஆனா நாட்டுக்கு நாடு தண்ணி விஷயத்துல நடந்ததுல சண்டைய விட பேச்சு தான் ரொம்ப அதிகம்.

அதுக்காக நிம்மதியா இருக்கலாம்னு சொல்ல வரல. போர் வராம இருக்கறது வேற, ஒத்துழைப்பு இருக்கறது வேற. போரே இல்லாம பல வருஷம் ஒருத்தர ஒருத்தர் நம்பாம, கணக்க மறைச்சு, ஆத்த ரெண்டு பக்கமும் உறிஞ்சி முடிச்சதும் நடந்திருக்கு. மத்திய ஆசியாவுல ஆரல் கடல் அப்படித் தான் போச்சு, உலகத்துல நாலாவது பெரிய ஏரியா இருந்தது, அதுக்கு தண்ணி தந்த அமு தார்யா, சிர் தார்யா ஆறு ரெண்டையும் பருத்திக்கு திருப்பி விட்டு பெரும்பகுதி உப்புத்தரையா ஆயிடுச்சு, அதுக்கு ஒரு குண்டும் தேவைப்படல.

ஒப்பந்தம்னா உனக்கு இவ்ளோ எனக்கு இவ்ளோன்னு பிரிச்சிக்கறது தானே, இதுல என்ன பெரிய விஷயம்?

பிரிக்கறதுலயே பல தினுசு இருக்கு, எந்த தினுசுங்கறத வெச்சு தான் ஒப்பந்தத்தோட ஆயுசு. நைல்ல 1959ல எகிப்துக்கு வருஷத்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடின்னு நிலையான எண் எழுதினாங்க, ஆத்துக்கு பெரும்பகுதி தண்ணி தர்ற எத்தியோப்பியா அந்த மேசையிலயே இல்ல. 1960 சிந்து ஒப்பந்தம் தண்ணிய பிரிக்கல, ஆறையே பிரிச்சுது: ரவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1996 கங்கை ஒப்பந்தம் இன்னொரு மாதிரி, இந்தியாவுல இருக்கற ஃபராக்கா தடுப்பணையில ஜனவரியில இருந்து மே வரைக்கும் பத்து நாளுக்கு ஒரு தடவை அளந்து, வரத்து நொடிக்கு 70,000 கன அடி அல்லது அதுக்கு கீழ இருந்தா இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் பாதிப் பாதி, 70,000 தாண்டி 75,000 வரைக்கும்னா பங்களாதேஷுக்கு 35,000, அதுக்கும் மேல போனா இந்தியா 40,000 எடுத்துக்கிட்டு மீதி பங்களாதேஷுக்கு.

இதெல்லாம் தண்ணிய பிரிக்கறது. இன்னொரு வழி பலன பிரிக்கறது, நான் அதத் தான் உசத்தின்னு நினைக்கறேன். கொலம்பியா ஆத்துல 1961ல கையெழுத்தாகி 1964ல அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி கனடா தன் மண்ணுல மூணு அணை கட்டி வெள்ளத்த பிடிச்சு வெச்சுது, அதனால கீழ அமெரிக்காவுல கூடுதலா உற்பத்தியாகற மின்சாரத்துல பாதி கனடாவுக்கு, வெள்ளப் பாதுகாப்புக்குன்னு 6.44 கோடி டாலரும் குடுத்தாங்க. தண்ணி எவ்ளோன்னு யாரும் சண்டை போடல, தண்ணியால வந்த லாபத்துல பங்கு கேட்டாங்க.

செனகல் ஆத்துல இன்னும் ஒரு படி மேல. மாலி, மௌரிடானியா, செனகல் மூணும் 1972ல சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்குச்சு, கினியா 2006ல சேர்ந்துச்சு. மாலிக்குள்ள இருக்கற மனன்டாலி அணை மாலியோட சொத்து மட்டும் இல்ல, மூணு நாட்டுக்கும் கூட்டுச் சொத்து, மின்சாரத்துல மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மௌரிடானியாவுக்கு 15. 1989ல செனகலும் மௌரிடானியாவும் மோதி தூதரக உறவே அறுந்து போச்சு, அப்பவும் இந்த அமைப்பு கலையல, ஏன்னா அணையில எல்லாருக்கும் பங்கு இருக்கு, வெளிய போறவனுக்கு தான் நஷ்டம். இதுலயும் குறை உண்டு, அணை வந்ததும் வெள்ளம் வடியற நிலத்துல பயிர் வெச்ச விவசாயிங்களுக்கு அடி விழுந்துச்சு. நாடுங்களுக்குள்ள நியாயம் கிடைச்சாலே கரையில இருக்கறவனுக்கும் கிடைச்சிடும்னு சொல்ல முடியாது.

பலனப் பங்கு போடறது அவ்ளோ நல்லதுன்னா எல்லாரும் ஏன் அப்படிப் பண்ணல?

அதுக்கு ரெண்டு பக்கமும் குடுக்க ஏதாவது இருக்கணும், குடுத்தது தொடர்ந்து வரும்னு நம்பிக்கையும் வேணும். சோவியத் காலத்துல கிர்கிஸ்தான்ல இருக்கற டோக்டோகுல் அணை குளிர்காலத்துல தண்ணிய சேத்து வெச்சு கோடையில உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் பருத்திக்கு விடும், பதிலுக்கு அங்கிருந்து குளிருக்கு கேஸும் நிலக்கரியும் வரும். 1991ல நாடு பிரிஞ்சதும் எரிபொருளுக்கு சந்தை விலை கேட்டாங்க, கிர்கிஸ்தானுக்கு கட்டுப்படியாகல, குளிர்ல கரண்டுக்காக அவங்களே தண்ணிய திறந்து விட்டாங்க, கீழ குளிர்காலத்துல வெள்ளம் கோடையில பஞ்சம். 1998ல மறுபடி பண்டமாற்று மாதிரி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அது ஒழுங்கா நிலைக்கல. ஒரு கை ஏமாத்தினா ரெண்டு கையும் விலகிடும்.

எப்ப பாரு டேட்டா பகிரணும்னு சொல்றீங்க, ஆத்து மட்டம் எவ்ளோன்னு சொல்றதுல என்ன வந்துடப் போகுது?

எல்லாமே அதுல தான் இருக்கு. மேல மழை கொட்டுது, மட்டம் ஏறுதுன்னு ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா கீழ ஊர காலி பண்ணலாம், மதகுகள சரி பண்ணலாம். தெரியலன்னா உயிர் போகும். அதோட கணக்கு தெரியாத இடத்துல சந்தேகம் தான் வளரும், மழை இல்லாம கொறஞ்ச தண்ணியக் கூட எதிரி நிறுத்திட்டான்னு தான் ஊர் பேசும்.

பிரம்மபுத்திராவுல வெள்ளக் காலத் தகவல் தர்றதுக்கு சீனாவும் இந்தியாவும் 2002ல ஏற்பாடு பண்ணிச்சு, 2017ல டோக்லாம்ங்கற எல்லைப் பகுதியில ரெண்டு நாட்டு ராணுவத்துக்கும் நடுவுல பதட்டம் நடந்த வருஷம் தகவல் வரல, 2018ல திரும்ப வந்துச்சு. சீனாவுல இருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஓடற மேக்காங் ஆத்துல சீனா 2002ல இருந்து வெள்ளக் காலத்துக்கு மட்டும் தகவல் தந்துட்டு இருந்துச்சு, வருஷம் முழுக்கத் தர்றதுக்கு ஒத்துக்கிட்டது 2020ல தான், அதுக்கு 18 வருஷம் ஆச்சு. பங்கு பேசறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நம்பற ஒரே கணக்கு வேணும்ங்கறது தான் என் வாதமே, அது இல்லாம போட்ட ஒப்பந்தம் முதல் வறட்சியிலயே ஆட்டம் காணும்.

கடல்ல போய் கலக்கற தண்ணி வீண் தானே, அத பிரிச்சிக்கிட்டா சண்டையே வராதே?

இது ரொம்பப் பேர் நம்பற விஷயம், ஆனா ஆபத்தானது. ஆறு கடலுக்கு தண்ணிய மட்டும் கொண்டு போகல, வண்டல கொண்டு போகுது, கழிமுகம் அந்த வண்டல்ல தான் நிக்குது. வியட்நாம்ல மேக்காங் கழிமுகத்துக்கு வர்ற வண்டல் மேல உள்ள அணைங்கள்ல தேங்கிடுது, போதாததுக்கு மணலும் அள்றாங்க, கரை அரிக்குது, கடல் உப்பு வயலுக்குள்ள ஏறுது. அந்த நெல் போச்சுன்னா பாதிப்பு ஒரு நாட்டோட நிக்காது, ஏன்னா வியட்நாம் பெரிய அரிசி ஏற்றுமதி நாடு.

கொலராடோ ஆறு வழியிலயே முழுசா எடுக்கப்பட்டு பல வருஷம் கடலையே தொடல. 2014 மார்ச்ல அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசி வெச்சு மோரேலோஸ் அணையில இருந்து கிட்டத்தட்ட 13 கோடி கன மீட்டர் தண்ணிய சுமார் எட்டு வாரம் ஆத்துக்குன்னே விட்டாங்க, மே மாசம் ஆறு கடல் அலையோட சேர்ந்துச்சு, காஞ்சு கிடந்த கரையில மரக்கன்னு முளைச்சுது. ஆத்துக்கும் ஒரு பங்கு உண்டுன்னு ரெண்டு நாடு சேர்ந்து எழுதி செயல்லயும் காட்டினது சும்மா இல்ல.

தண்ணி அளவு பத்தியே பேசறீங்க, மேல சாக்கடையா ஆக்கி அனுப்பினா?

ரைன் ஆத்தக் கேளுங்க. 1986 நவம்பர் 1ஆம் தேதி ஸ்விட்சர்லாந்துல பாசெல் பக்கத்துல ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடிச்சு, அணைக்க அடிச்ச தண்ணியோட பூச்சிமருந்து ஆத்துல இறங்கி நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு மீன் செத்துச்சு. ரைனுக்கு 1950லயே அஞ்சு நாட்டு ஆணையம் இருந்துச்சு, ஆனா வேகம் இல்ல. விபத்துக்கு அடுத்த வருஷமே 2000க்குள்ள சால்மன் மீன் ரைனுக்கு திரும்பணும்னு இலக்கு வெச்சாங்க, எச்சரிக்கை நிலையங்கள பலப்படுத்தினாங்க, கழிவு சுத்திகரிப்புக்கு நிறைய செலவு பண்ணாங்க, சால்மனும் திரும்ப வர ஆரம்பிச்சுது. இத்தன மில்லிகிராம்னு சொல்லியிருந்தா ஜனங்களுக்கு புரிஞ்சிருக்காது, மீன் வந்துச்சா இல்லையான்னு எல்லாரும் பாக்கலாம்.

ஆறு கண்ணுக்கு தெரியுது, நிலத்தடி நீர எப்படி பகிர முடியும்?

கஷ்டம் தான், ஆனா நடக்குது. ஜெனீவா பக்கம் ஸ்விட்சர்லாந்தும் பிரான்ஸும் ஒரே நிலத்தடி நீர்ப்படுகைய உறிஞ்சி மட்டம் இறங்கிட்டே போச்சு. 1978ல ஜெனீவா மாநிலமும் பக்கத்து பிரெஞ்சு மாவட்ட நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டு ஆர்வ் ஆத்துத் தண்ணிய சுத்தம் பண்ணி பூமிக்குள்ள செலுத்தறாங்க, யார் எவ்ளோ எடுக்கறாங்கன்னு மீட்டர் வெச்சு செலவ பிரிச்சிக்கறாங்க. ரெண்டு தலைநகரமும் பெரிசா தலையிடல, உள்ளூர் நிர்வாகங்களே பண்ணது. இப்படி அளக்கற ஒப்பந்தம் உலகத்துல ரொம்பக் கம்மி.

தென் அமெரிக்காவுல குவாரனி படுகைக்கு நாலு நாடு 2010ல ஒப்பந்தம் போட்டு 2020ல அமலுக்கு வந்துச்சு, சண்டை வர்றதுக்கு முன்னாடியே பேசினது அதுல நல்ல அம்சம். எகிப்து, லிபியா, சூடான், சாட் கீழ இருக்கற நூபியன் படுகை வேற கதை, அது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்த தண்ணி, எடுத்தா திரும்ப ஊறாது, அங்க பகிர்றதுன்னா எவ்ளோ வேகமா தீர்க்கறதுன்னு முடிவு பண்றது தான்.

ஐநா இதுல உருப்படியா என்ன பண்ணுது?

கட்டாயப்படுத்த முடியாது, கணக்கு கேக்க முடியும். நீடித்த வளர்ச்சி இலக்குல 6.5.2ன்னு ஒரு அளவுகோல் இருக்கு, உன் நாட்டு பகிர்வு நீர்ப்படுகையில எத்தன சதவீதத்துக்கு நிஜமா வேலை செய்யற ஏற்பாடு இருக்குன்னு கேக்கும். மேல சொன்ன 153 நாட்டுல 43 நாடு தான் 90 சதவீதமோ அதுக்கு மேலயோ காட்டுது, 20க்கு மேற்பட்ட நாட்டுல எந்த ஏற்பாடுமே இல்ல. தண்ணிக்குன்னு ஐநா பெரிய மாநாடு 1977ல மார் டெல் பிளாட்டாவுல நடத்தினதுக்கப்புறம் அடுத்தது 2023ல நியூயார்க்ல தான், நடுவுல 46 வருஷம். இவ்ளோ முக்கியமான விஷயத்துக்கு அது வெக்கப்பட வேண்டிய இடைவெளி.

சிந்து ஒப்பந்தம் மூணு போரத் தாண்டி நின்னுச்சு, அப்புறம் 2025ல ஏன் நிறுத்தி வெச்சாங்க?

காஷ்மீர்ல நடந்த பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் 2025 ஏப்ரல்ல இந்தியா ஒப்பந்தத்த நிறுத்தி வெக்கறதா அறிவிச்சுது, எல்லை தாண்டின பயங்கரவாதம் நிக்கற வரைக்கும்னு காரணம் சொல்லுச்சு. பாகிஸ்தான் ஒப்பந்தத்துல அப்படி ஒருதலையா நிறுத்த வழி இல்லன்னு சொல்லுது, ரெண்டு அரசும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டு தான் முடிக்கலாம்னு அதுல எழுதியிருக்கறது உண்மை.

அரசியல் சரி தப்ப விட்டுட்டு வேலை நடக்கற விதத்த மட்டும் பாருங்க. அந்த ஒப்பந்தம் தாங்கினதுக்கு காரணம் ரெண்டு பக்கமும் நிரந்தர ஆணையர்ங்க இருந்து, கணக்கு மாத்திக்கிட்டு, தகராறு வந்தா நிபுணர், நடுவர் மன்றம்னு படிப்படியா போனது. பக்லிஹார் அணை தகராறு 2007ல நடுநிலை நிபுணர்கிட்ட முடிஞ்சுது, கிஷன்கங்கா 2013ல நடுவர் மன்றத்துல. அந்த வழி நின்னதும் முதல்ல அறுந்தது தகவல் தான், 2025 ஆகஸ்ட்ல ஜம்முவுல இருந்து பாகிஸ்தானுக்கு ஓடற தாவி ஆத்துல வெள்ளம் வந்தப்போ இந்தியாவோட எச்சரிக்கை ஆணையர் வழியா போகல, தூதரகம் வழியா போச்சு. அனுப்பினது நல்ல விஷயம், ஆனா வெள்ள நேரத்துல சுத்து வழி ஆபத்து.

நைல்ல எத்தியோப்பியா அணையக் கட்டியே முடிச்சிடுச்சு, இனிமே பேசி என்ன பிரயோஜனம்?

பேச வேண்டியதே இப்ப தான் இருக்கு. 2011ல ஆரம்பிச்ச அணை 2025 செப்டம்பர்ல திறந்தாங்க, கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். கட்டலாமா வேணாமாங்கற கேள்வி முடிஞ்சுது, தொடர் வறட்சியில எவ்ளோ திறந்து விடணும், அத யார் அளக்கறதுங்கற கேள்விக்கு எழுத்துல பதில் இல்ல. 2020ல முதல் தடவை நிரப்பினப்போ சூடான்ல ஆத்து மட்டம் திடீர்னு இறங்கி குடிநீர் நிலையங்க சிலது நின்னு போச்சு, ஒழுங்கா தகவல் குடுத்து நிரப்பியிருந்தா சமாளிச்சிருக்கலாம். அதே அணையால சூடானுக்கு வெள்ளம் கொறையவும் வருஷம் பூரா சீரா தண்ணி வரவும் வாய்ப்பு இருக்கு. ஒரே அணை வரமா சாபமாங்கறது இயக்கற அட்டவணைய பகிர்றதுல தான்.

பருவநிலையே மாறிட்டா அந்தக் காலத்துல எழுதின எண்ணெல்லாம் என்ன ஆகும்?

நிலையான எண் எழுதினது உடையும். வளைஞ்சு குடுக்க வழி வெச்சது பொழைக்கும். அமெரிக்கா, மெக்சிகோவோட 1944 ஒப்பந்தத்துல மூல வாசகத்தத் தொடாம துணைக் குறிப்பு சேத்துட்டே போகலாம், கொலராடோ கடலத் தொட்டதா மேல சொன்னது 319வது குறிப்புல வந்தது, வறட்சி வந்தா ரெண்டு பக்கமும் எப்படி கொறைச்சுக்கணும்னும் அதுல இருக்கு. கங்கை ஒப்பந்தம் 30 வருஷத்துக்கு தான், 2026 டிசம்பர்ல காலம் முடியுது. அதுல சூத்திரம் பழைய வருஷங்களோட நீர்வரத்த வெச்சு போட்டது, புதுப்பிக்கறப்போ இப்ப நிஜமா என்ன வருதுன்னு பாத்து எழுதலன்னா ரெண்டு பக்கமும் திருப்தி இருக்காது.

புதுசா ஒரு நாடு எல்லை ஆத்துல அணை கட்டுதுன்னு நியூஸ் வந்தா அதுல நான் எத பாக்கணும்?

மெகாவாட்ட விடுங்க, அது பெருமைக்கு போடற எண். ஆத்தோட ஒரு வருஷ வரத்துல எத்தன பங்க அந்த அணை தேக்க முடியும்னு பாருங்க. மேல சொன்ன எத்தியோப்பிய அணை அது நிக்கற நைலோட கிளையான நீல நைலோட சராசரி வரத்துல கிட்டத்தட்ட ஒன்றரை வருஷத் தண்ணிய பிடிக்கும், அதனால தான் அவ்ளோ பயம். ஓடற தண்ணியிலயே கரண்ட் எடுக்கற அணை பெரிசா தேக்காது, அதால பக்கத்து நாட்டு தண்ணிய நிறுத்திட்டாங்கன்னு வர்ற தலைப்புச் செய்தி பெரும்பாலும் மிகை.

ஆனா தேக்கலன்னா பாதிப்பே இல்லன்னும் முடிவு பண்ணாதீங்க. லாவோஸ்ல 2019ல ஓட ஆரம்பிச்ச சயாபுரி அந்த வகை தான், அங்க கம்போடியாவும் வியட்நாமும் கேட்டது மீன் மேல ஏறுமா, வண்டல் கீழ இறங்குமாங்கற கேள்வி. மேக்காங்கோட கீழ்ப்பகுதி நாடுங்க சேர்ந்து வெச்ச மேக்காங் ஆணையத்துல 1995 ஒப்பந்தப்படி முன்கூட்டியே ஆலோசனை நடந்துச்சு, மீன் ஏறற வழியும் வண்டல் மதகும் வடிவமைப்புல மாத்தினாங்க, ஆனா அந்த ஆலோசனையில யாருக்கும் தடுக்கற அதிகாரம் இல்ல. அதனால நியூஸ்ல அடுத்து தேட வேண்டியது, கீழ உள்ள நாட்டுக்கு எப்ப தகவல் போச்சு, வரைபடம் இறுதியாகறதுக்கு முன்னாடியா, கான்கிரீட் போட்டதுக்கு அப்புறமான்னு.